நாலு துண்டாக்கிய செந்தூர் லைன்

எய்யா முத்து,

நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் பாளையங்கோட்டையிலேயே உன் அப்பா ஒருவனாகத்தான் இருப்பான். தபால் செலவு இல்லை என்பது ஒரு லாபம். நேற்றுச் சாயங்காலம் நான் அடித்த ஹாரனுக்குப் பிறகு உன் முன்னால் வந்து நின்று பேச எனக்கு முகமில்லை. அதனால்தான் எழுதி, அம்மா உனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லப் போகிறேன். பத்தாம் வகுப்பை முக்கி முனகித் தாண்டிய பிறகு நான் எழுதியதெல்லாம் பஸ்ஸில் டிரிப் ஷீட்தான். எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் எழுத இடம் கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சங்கதியில் பிழை இருந்தால் இறங்கி வந்து சண்டை போடு. சண்டை போட்டால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

போர்டு மாட்டாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது கண்டக்டர் பிழைப்பில் நான் கற்றுக்கொண்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் ஒரு டாக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். நீ வர வேண்டும். போர்டில் இருக்கிற ஊர் அவ்வளவுதான். இனி வண்டி சுற்றிச் சுற்றித்தான் போகும், ஏனென்றால் நேர் ரோட்டில் போக எனக்குத் தைரியம் பத்தவில்லை.

பங்குனிக் கடைசியில் நீ பையோடு வந்து இறங்கினாய். நீ அசிஸ்டென்ட் டிரைவராக உட்கார்ந்து போன ரயிலுக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு வளைவு திரும்பியதும் ஒரு ஆள் தண்டவாளத்தில் நின்றார். பிரேக் பிடித்தாயிற்று, ஹாரனிலிருந்து நீ கையை எடுக்கவே இல்லை, அவர் கடைசியில் திரும்பி உங்களைப் பார்த்தார். இவ்வளவையும் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாய். அப்புறம் மாடிக்குப் போனவன்தான். இப்போது வைகாசி. தட்டு வெளியே வரும், பாதிச் சோறு அதிலேயே இருக்கும். உனக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியை அம்மா வைத்த அன்றைக்குக்கூட அப்படித்தான் வந்தது. நீ வந்த மறுநாள் நான் உன் தோளில் தட்டி, "வேலைன்னா நாலும் இருக்கும்லே, மறந்துரு" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் செந்தூர் ரயில் நம் வீட்டுக்குப் பின்னால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்கும் நேரத்துக்குச் சரியாக, அடுக்களையில் மிக்ஸி ஓடுகிறதே, கவனித்திருப்பாய். தினமும் அந்த நேரத்தில் உன் அம்மா என்னத்தை அரைக்கிறாள் என்று நானும் முதலில் யோசித்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உள்ளே தேங்காயும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் மிக்ஸியை ஓட விட்டுவிட்டு அதன் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றாள். "வண்டி போயிட்டுதாங்க?" என்று என்னைக் கேட்டாள். "போயிட்டுது" என்றேன். அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்குத்தான், நானும் ஏதாவது ஓட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுக்களையில் இடமில்லாததால் உன்னுடைய ரயில் மேஜைக்குப் போனேன்.

நீ அதை லேஅவுட் என்பாய், நான் ரயில் மேஜை என்பேன், அம்மா அதை ஒட்டடை அடிக்க முடியாத சனியன் என்பாள். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பிளைவுட்டில் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து செந்தூர் வரை பொம்மை ரயில்பாதை கட்டி வைத்திருக்கிறாய். நீலப் பெயிண்டில் தாமிரபரணி, அதன் மேல் பாலம், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் பச்சைக் காகித வாழை. நீ ரயில்வே பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது ரெண்டு பேரும் சேர்ந்துதான் அதைச் செய்தோம். சேர்ந்து என்றால், நீ செய்தாய், நான் கேள்வி கேட்டேன். பழைய பொம்மை ரயிலில் கரண்டைக் கூட்டினால் வேகம், குறைத்தால் வேகம் குறையும். இதில் தண்டவாளம் முழுக்க எப்போதும் ஒரே கரண்டு நிற்கும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப்பு, அதற்கு ஒரு நம்பர், கையில் இருக்கும் கருவியில் அந்த நம்பரைப் போட்டால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும் என்று நீ விளக்கினாய். "அப்ப பஸ்ல டிக்கெட் எடுக்காதவனை மட்டும் கூப்பிடுத மாதிரியா?" என்றேன். "அதேதாம்பா, ஆனா இங்கன எஞ்சின் ஒறங்குத மாதிரி நடிக்காது" என்றாய். அப்படிச் சிரித்தோம்.

அதில் ஒரு கஷ்டம் இருந்தது. எங்கேயாவது ஒரு சக்கரம் தடம் புரண்டு ரெண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகும், கன்ட்ரோல் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடும். செந்தூரில் ஒரு பெட்டி சரிந்தால் ஜங்ஷனில் நிற்கிற எஞ்சினும் செத்துப்போகும். தண்டவாளத்தை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கரண்டை வெட்டுகிற தனி பிரேக்கர் வைத்துவிட்டால், ஷார்ட் ஆன துண்டு மட்டும் நிற்கும், மற்றது ஓடும் என்றாய். எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று சிவப்பு மார்க்கரால் கோடும் போட்டாய். பிரேக்கரும் வாங்கி அட்டைப்பெட்டியோடு மேஜைக்கு அடியில் வைத்தாய். அதற்குள் வேலை ஆர்டர் வந்தது, போய்விட்டாய். கோடு அப்படியே இருந்தது. அதை நானே வெட்டிவிடுவது என்று இறங்கினேன். நீ மாடியில் இருந்துகொண்டு, கீழே அப்பா உன் ரயிலைப் பாழாக்குகிற சத்தத்தைக் கேட்டால், தாங்க முடியாமல் இறங்கி வருவாய் என்று ஒரு கணக்கு. ஒரு மனிதன் மகனைப் பார்க்க எப்படியெல்லாம் புத்தி கெட்டு யோசிக்கிறான் பார்.

வயர் வாங்க மேலப்பாளையத்துக்குக் காதர் பாய் கடைக்குப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டு ஃபேன் எல்லாம் அவர் கடையில் எடுத்ததுதான். சிவப்பிலும் கறுப்பிலும் சுருள் சுருளாகக் கேட்டதும் பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன வே, இத்தனை வயரு? மவனுக்குக் கல்யாணமா? வீட்டுக்கு சீரியல் செட்டு போடப் போறீரோ?"

"இல்ல பாய். செந்தூர் லைனை நாலா வெட்டப் போறேன்."

"வெட்டும் வெட்டும். பஸ்காரன் ரயிலை வெட்டாம வேற எவன் வெட்டுவான்? முப்பது வருசமா உம்ம பஸ் கூட்டத்தைப் பூரா ரயில்காரன்தான அள்ளிட்டுப் போனான்."

நானும் சிரித்தேன். வயரை அளந்துகொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான் பாய்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாய்."

அவர் அளப்பதை நிறுத்திவிட்டார். கடையில் நின்ற இன்னொரு ஆளைப் "பொறும் வே" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ சொன்னார். அதற்குப் பிறகு கேலி இல்லை. கிளம்பும்போது மட்டும், "அல்லாட்ட துஆ செய்யுதேன். வீட்டுல உக்காந்து ஒம்ம மண்டைய ஒடச்சுக்கிடாதேயும், பையனை யாராவது டாக்டர்ட்ட காட்டும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். டாக்டர் என்கிற சொல் அப்போது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு அதெல்லாம் எதற்கு, நாலு நாள் தூங்கினால் சரியாகும் என்றுதான் வழியெல்லாம் எனக்கு நானே டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

வெட்டுகிற வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. ஹாக்ஸா பிளேடை வைத்து உன் சிவப்புக் கோட்டில் அறுத்தேன். ரெண்டு தண்டவாளத்தையும் அறுக்க வேண்டும், ஒன்றை அறுத்துவிட்டு ஓய்வெடுக்கக் கூடாது என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு வடக்கத்தி ஆள் இந்தியில் சொன்னதை அவன் கை ஜாடையை வைத்துப் புரிந்துகொண்டேன். அறுத்து, இடைவெளி விட்டு, பெருமையாகத் தூங்கப் போனேன். மறுநாள் மத்தியானம் பார்த்தால் இடைவெளியைக் காணோம். நம் ஊர் வெயிலுக்குத் தண்டவாளம் நீண்டு ரெண்டு முனையும் ஒட்டிக்கொண்டது. வெட்டினதே தெரியாமல் கரண்டு பாட்டுக்கு ஓடுகிறது. மறுபடி அறுத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துணுக்கை ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு என்னுடைய சீப்பின் பல்லை ஒவ்வொன்றாக ஒடித்துச் செருகினேன். "அதான சரி, அது சும்மாதான கெடந்துச்சு" என்று அம்மா என் வழுக்கையைப் பார்த்துச் சொன்னாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்காகவே இன்னும் ரெண்டு சீப்பு ஒடிக்கலாம் என்று இருந்தது.

பிறகு மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வயர் இணைத்தேன். பயணி பக்கம் பார்த்து நிற்கிற உத்தியோகம் என் உத்தியோகம். டிரைவருக்கு எது இடமோ அது எனக்கு வலம். முப்பது வருடம் வண்டி ஒரு பக்கம் போக, நான் அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனவன். இப்போது மேஜைக்கு அடியில் வேறு படுத்தாயிற்று. என் மூளை பழக்கதோஷத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை திருப்பிப் போட்டது. ஆற்றுப்பாலத் துண்டில் சிவப்பு வயர் போக வேண்டிய தண்டவாளத்துக்குக் கறுப்பு போய்விட்டது. எஞ்சினை ஜங்ஷனிலிருந்து விட்டால் அழகாக வருகிறது. பாலத்துக்கு ஏறுகிற இடைவெளியில் சக்கரம் ரெண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தொட்ட அந்த நொடியில், டக். அங்கேயும் நிற்கிறது, இங்கேயும் நிற்கிறது. துண்டாக்காமல் இருந்தபோது இந்த இடத்திலாவது ஓடிக்கொண்டிருந்தது. பல நாள் இதே கதை. பிரேக்கர் கெட்டது, எஞ்சின் கெட்டது, உன் சிப்பு கெட்டது என்று எல்லோர் மேலும் பழி போட்டேன். கடைசியில் அம்மாவை மேலே நிறுத்திக் கேட்டேன்.

"இடது பக்கத் தண்டவாளத்தைத் தொடு."

"யாரு இடது? எனக்கா உங்களுக்கா?"

"ரயிலுக்குத்தாண்டி!"

"ரயிலு எந்தப் பக்கம் பாத்து நிக்கி?"

அப்போதுதான் விளங்கியது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்களுக்கு எது இடது எது வலதுன்னு நான்தான சொல்லிக்கிட்டு இருக்கேன், இதுக்கு மட்டும் போன்ல எவன்ட்டயோ கேட்டீயளாக்கும்" என்றாள் அம்மா. கழற்றி மாற்றினேன்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாம் சரியாக அமைந்தது. ஜங்ஷனில் ஒரு எஞ்சின், செந்தூரில் ஒரு எஞ்சின். ஸ்ரீவைகுண்டத் துண்டின் குறுக்கே ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தைப் போட்டேன். டக் என்று அந்தத் துண்டு மட்டும் அணைந்தது. செந்தூர் எஞ்சின் நிற்கவில்லை. ஜங்ஷன் எஞ்சினும் நிற்கவில்லை. நாணயத்தை எடுத்தேன், நின்ற துண்டுக்குத் தானாக உயிர் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி எடுத்தேன். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது முத்து. சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். கருவியில் இருந்த ஹாரன் பொத்தானை அமுக்கினேன். அந்த நீல எஞ்சினுக்குள் நீ தேடிப்பிடித்து வாங்கி வைத்த நிஜ டீசல் ஹாரன். ஒரு தடவை இல்லை, அமுக்கினபடியே வைத்திருந்தேன். உனக்குக் கேட்கட்டும் என்று. அப்பா முடித்துவிட்டான் என்று உனக்குத் தெரியட்டும் என்று.

மேலே டம்ளர் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. பிறகு, "நிப்பாட்டுங்கப்பா! நிப்பாட்டுங்க!" என்றாய். வாரக்கணக்கில் நாங்கள் ஏங்கிக் கிடந்த உன் குரல். அது அப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து என் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினாள். "அவனைக் கொல்லவா பாக்கீய?" என்றாள். அவள் மிக்ஸியை வைத்து மறைத்துக்கொண்டிருந்த ஹாரனை நான் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து அடித்தேன். இதைவிடப் பெரிய மடையன் ஒருவன் இருந்தால் அவனைப் பார்க்க நானே டிக்கெட் எடுத்துப் போவேன். எஞ்சினின் மூடியைத் திறந்து, ஸ்பீக்கருக்குப் போகிற வயரை வெட்டிவிட்டேன். அது இனிமேல் சத்தம் போடாது. பின்னால் போகிற செந்தூர் வண்டியின் வயரை வெட்ட என்னால் முடியவில்லை. முடிந்தால் அதையும் வெட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு, உன்னோடு அன்றைக்கு வண்டியில் இருந்த பெரிய டிரைவருக்குப் போன் போட்டேன். நாகர்கோவில்காரர். நம்பரை உன் அம்மா உன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், கோபித்துக்கொள்ளாதே. "அண்ணாச்சி, எனக்கு மொத தடவை நடந்தப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன்" என்றார். "வீட்டுல கயிறு மந்திரிச்சுக் கட்டுனாங்க. ஒண்ணும் நடக்கல. ஒரு டாக்டரம்மாதான் உக்கார வச்சுப் பேச வச்சாங்க. பையப் பையத்தான் சரியாச்சு. இன்னைக்கும் சில நாள் அந்த ஆளு முகம் வரும். வந்துட்டுப் போயிரும், என்னையப் புடிச்சு இழுக்காது. முத்துகிட்ட மறந்துருன்னு மட்டும் சொல்லிராதீய." நான் அதைத்தான் முதல் நாளே சொல்லியாயிற்று என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அவன் மேல ஒரு தப்பும் இல்ல, அவன் கை ஹாரன்லதான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றார். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பஸ் என்றால் டிரைவர் ஒடித்துத் திருப்புவான், வயலில் இறக்குவான், புளியமரத்தில் மோதியாவது நிறுத்துவான். உன் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. போகிற பாதையை விட்டு ஒரு அங்குலம் விலக அதற்கு வழி இல்லை. இது உனக்குத் தெரியாததா? ஆனாலும் ஒவ்வொரு நாளும் நீ மேலே அந்த வண்டியைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இடத்தில் ரயில் மேஜையைக் காட்டி, ஒரு துண்டு நின்றால் மற்றதெல்லாம் நிற்க வேண்டியதில்லை பார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நேற்று அந்த நாணயத்தைப் போட்டபோதுகூட மனசில் இந்த வசனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். இப்போது எழுத வரும்போது கூச்சமாக இருக்கிறது. நீ பிளைவுட் இல்லை. உன்னை எங்கே அறுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சிவப்புக் கோடு போட்டுத் தரவில்லை. போட்டுத் தந்திருந்தாலும் நான் இடது வலது மாற்றித்தான் இணைத்திருப்பேன். எனக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. தெரிந்தவரிடம் போவோம். அவருக்கு அது வேலை.

உன் அறைக் கதவின் உள் தாழ்ப்பாளைப் போன மாதம் நான் கழற்றினேனே, ஸ்குரு லூஸாக இருக்கிறது என்று. ஸ்குரு நன்றாகத்தான் இருந்தது. லூஸாக இருந்தது நான்தான். பயம் முத்து. மேலே சத்தம் கேட்டால் பயம், சத்தம் கேட்காவிட்டால் அதைவிடப் பயம். ராத்திரி நடுவில் எழுந்து மேலே வந்து கதவுக்கு வெளியே நின்று நீ மூச்சு விடுவதைக் கேட்டுவிட்டுப் போகிறேன். இதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நீ போய்விட்டால் நாங்கள் என்ன ஆவோம் என்று கேட்டு உன் தலையில் இன்னும் பாரம் ஏற்ற மாட்டேன். நீ இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். வேலைக்குப் போக வேண்டாம். ரயில் பக்கமே தலை வைக்க வேண்டாம். சம்பாதிக்க வேண்டாம், கல்யாணம் வேண்டாம், எங்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரு. உனக்கு உள்ளே அப்படி ஏதாவது நினைப்பு வந்தால், அது எந்த நேரமானாலும், என்னைக் கூப்பிடு. அப்பா ஏதாவது உளறுவான் என்று நினைத்துக் கூப்பிடாமல் இருந்துவிடாதே. நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காரவும் பழகிக்கொள்கிறேன். எனக்கு அது கஷ்டம்தான், அம்மாவைக் கேள்.

டாக்டரிடம் நான் உள்ளே வர மாட்டேன். வெளியே பெஞ்சில் இருப்பேன். நீ உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன், கேட்டால் என்னை அங்கேயே விட்டுவிட்டு நீ ஆட்டோ பிடித்து வந்துவிடு. ரோட்டு வழியாகவே போவோம், கேட் இருக்கிற பாதையில் போக வேண்டாம், சுற்றுத்தான், பரவாயில்லை. ஒரு தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்காவிட்டால் வேறு டாக்டரைப் பார்ப்போம்.

பதில் எழுத வேண்டாம் எய்யா. திங்கட்கிழமை வருவேன் என்றால் வந்து சொல். வர மாட்டேன் என்றால் அதையும் வந்து சொல். என் முகத்துக்கு நேரே, சத்தமாக, மாட்டேன் என்று சொல். நேற்று நிப்பாட்டுங்க என்று சொன்னாயே, அந்தச் சத்தத்திலேயே சொன்னாலும் சரி. நான் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு, மறுபடியும் உன்னைக் கூப்பிடுவேன்.

உன் அப்பா